உளவளத்துணையில் இரகசியம் பேணலும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்பும்

மாணவர்களே, உளவளத்துணையாளர் ஒருவரின் முதன்மையான கடமை யாது என வினவினால் "இரகசியம் பேணல்" எனப் பெரும்பாலானோர் சரியாகவே எழுதிவிடுகின்றனர். அதனை விளக்குக எனக் கேட்டாலோ, "கேட்டதை வேறு எவருக்கும் சொல்லாதிருத்தல்" என்னும் ஒரே வாக்கியத்துடன் விடை முடிந்துவிடுகிறது. இது பாதி விடையாகும். துணைநாடியின் இரகசியம் உளவளத்துணையாளரின் மனதில் மட்டும் தங்கியிருப்பதில்லை. அது பதிவேட்டில் எழுதப்படுகிறது, கோவையில் இடப்படுகிறது, கணினியில் சேமிக்கப்படுகிறது, கதவு சரியாக மூடப்படாவிட்டால் வெளியே காத்திருப்பவரின் காதிலும் விழுகிறது. இவை ஒவ்வொன்றையும் எவ்வாறு காப்பது என்பதையே இங்கு நோக்குவோம்.

முதலில் மூன்று சொற்களை வேறுபடுத்தி அறிந்துகொள்ளுங்கள். அந்தரங்கம் என்பது ஒருவருக்கு உரிய உரிமை. தன்னைப் பற்றிய எதனை, யாரிடம், எவ்வளவு சொல்வது என்பதை அவரே தீர்மானிக்கிறார். இரகசியம் பேணல் என்பது அவ்வாறு சொல்லப்பட்டதைக் கேட்டவருக்கு உரிய கடமை. தரவுப் பாதுகாப்பு என்பது அக்கடமையை நிறைவேற்ற எடுக்கப்படும் நடைமுறை ஒழுங்குகள். உரிமை, கடமை, ஒழுங்கு என நினைவில் வைத்திருந்தால் குழப்பம் ஏற்படாது.

இவ்வளவு கவனம் ஏன் தேவைப்படுகிறது? காலில் காயப்பட்டவர் அதனை மறைக்காமல் வைத்தியரிடம் காட்டுவார். வீட்டில் தந்தை குடித்துவிட்டுத் தாயை அடிப்பதை ஒரு மாணவி சொல்வதற்கு எத்தனை நாள் தயங்குவாள் என்பதை எண்ணிப் பாருங்கள். அவள் சொன்னது மறுநாள் ஆசிரியர் ஓய்வறையில் பேசப்பட்டால், அவள் மீண்டும் அந்த அறைக்கு வரமாட்டாள். அதனைக் கேள்விப்படும் வேறு பத்து மாணவரும் வரமாட்டார்கள். ஓர் இரகசியம் வெளியேறும்போது இன்னும் சொல்லப்படாத இரகசியங்களும் உள்ளேயே பூட்டப்பட்டுவிடுகின்றன. துன்பத்தில் இருப்பவர் உதவி நாடாமல் விடுவதே இதன் மிகப் பாரதூரமான விளைவாகும்.

இனி, ஒரு துணைநாடி நிலையத்திற்கு வரும் வழியிலேயே நாமும் செல்வோம். அவர் நேரம் ஒதுக்கக் கேட்டுத் தொலைபேசியில் அழைக்கிறார். நல்ல நிலையம் ஒன்று, "உங்களைத் திரும்ப அழைக்க வேண்டுமாயின் எந்த இலக்கத்துக்கு அழைக்கலாம்? வேறு எவரேனும் எடுத்தால் என்ன சொல்லலாம்?" எனக் கேட்டு வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு அழைத்து, எடுத்தவரிடம் "உளவளத்துணை நிலையத்திலிருந்து பேசுகிறோம்" என்று சொல்வதே இரகசியத்தை உடைத்துவிடும். ஒருவர் உளவளத்துணை பெறுகிறார் என்னும் செய்தியும் பாதுகாக்கப்பட வேண்டிய ஒரு தகவல் என்பதை மாணவர் பலர் எழுதத் தவறுகின்றனர்.

அடுத்து முன்னறை. வருகைப் பதிவேட்டை மேசையில் விரித்து வைத்தால், கையொப்பமிடும் ஒவ்வொருவரும் தமக்கு முன் வந்தவரின் பெயரை வாசிப்பார். ஆகவே பெயருக்குப் பதிலாக இலக்கம் வழங்கப்படும். எந்த இலக்கம் எவருடையது என்னும் பட்டியல் வேறோர் இடத்தில் பூட்டி வைக்கப்படும். சிறிய ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாசலில் யாருடைய சைக்கிள் நிற்கிறது என்பதை வைத்தே ஊர் கதை கட்டிவிடும். அதனால் ஒருவர் வெளியேறிய பின்னரே மற்றவர் வரும் வகையில் நேரம் ஒதுக்குவதும் ஒரு பாதுகாப்பு முறையே. வழியில் அல்லது சந்தையில் துணைநாடியைக் கண்டால் உளவளத்துணையாளர் தாமாக முந்திக்கொண்டு பேச மாட்டார். இது அலட்சியமன்று.

குறிப்பெழுதும்போது "தேவையான அளவு மாத்திரம்" என்னும் விதி பின்பற்றப்படும். பரீட்சைப் பயத்திற்கு உதவி நாடி வந்தவரின் குடும்பச் சொத்து விபரம் குறிப்பேட்டில் இருக்கவேண்டியதில்லை. எழுதப்படாத தகவலை எவராலும் திருட முடியாது! எழுதிய குறிப்புகள் பூட்டிய அலுமாரியில் வைக்கப்படும். திறப்பு யாரிடம் உள்ளது என்பது தெளிவாக இருத்தல் வேண்டும். கணினியாயின் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடவுச்சொல், மறைகுறியாக்கம் செய்யப்பட்ட கோப்புகள், கோப்பை யார் எப்போது திறந்தார் என்னும் பதிவு ஆகியன தேவை. உளவளத்துணையாளர் தமது மேற்பார்வையாளரிடம் ஆலோசனை பெறும்போது துணைநாடியின் பெயரையும் அடையாளம் காட்டும் விபரங்களையும் தவிர்த்துக்கொள்வார்.

வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததும் பதிவுகள் அழிக்கப்பட வேண்டும். பழைய கொப்பித் தாள்கள் கடலைச் சுருளாகி நம் கைக்கு வருவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். விடைத்தாளில் யாரோ ஒருவரின் புள்ளியை வாசித்துச் சிரித்தும் இருப்பீர்கள். அது உளவளத்துணைக் குறிப்பாக இருந்தால்? ஆகவேதான் அத்தாள்கள் பழைய கடதாசியாக விற்கப்படாமல், துண்டுதுண்டாக வெட்டியோ எரித்தோ அழிக்கப்படுகின்றன.

இவ்வொழுங்குகள் தவறினால் என்ன நேரும் என்பதற்குப் பின்லாந்து நாட்டில் நிகழ்ந்த ஓர் உண்மைச் சம்பவம் சான்றாகும். அங்கு வஸ்தாமோ என்னும் தனியார் நிறுவனம் பல நகரங்களில் உளச்சிகிச்சை நிலையங்களை நடத்தியது. அதன் தரவுத்தளம் இணையத்தில் போதிய பாதுகாப்பின்றி இருந்தது. 2018 ஆம் ஆண்டில் அதனுள் நுழைந்த ஒருவர் துணைநாடிகளின் பெயர், முகவரி, அடையாள இலக்கம் ஆகியவற்றுடன் அவர்கள் அறைக்குள் பேசியவற்றின் குறிப்புகளையும் கவர்ந்து சென்றார். 2020 செப்டெம்பரில் முதலில் நிறுவனத்திடம் பணம் கேட்கப்பட்டது. அது கிடைக்காதபோது துணைநாடிகள் ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் அனுப்பி, 200 யூரோ தராவிடின் குறிப்புகளை வெளியிடுவதாக மிரட்டப்பட்டது. பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 33,000 பேர். நிறுவனம் 2021 இல் வங்குரோத்து நிலையை அடைந்தது. அதே ஆண்டில் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அதற்கு 6 இலட்சம் யூரோவுக்கு மேற்பட்ட அபராதம் விதித்தனர். 2024 இல் மாவட்ட நீதிமன்றம் குற்றவாளிக்கு 6 வருடமும் 3 மாதமும் சிறைத்தண்டனை வழங்கியது.

அங்கு பணியாற்றிய உளச்சிகிச்சையாளர்கள் வெளியில் பேசியதால் இது நிகழவில்லை என்பதைக் கவனியுங்கள். கசிந்தது தரவுத்தளம். களவுபோன பணத்தை மீட்டுக் கொடுக்கலாம்; கடவுச்சொல்லை மாற்றலாம். ஒருவர் அழுதுகொண்டு சொன்ன வார்த்தைகள் வெளியே வந்த பின் அவற்றை மாற்ற வழியில்லை.

நமது நாட்டின் சட்ட நிலையையும் சுருக்கமாக அறிந்துகொள்வோம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தரவுகளையும் சிறுவர் பற்றிய தரவுகளையும் விசேட வகைத் தரவுகளாகக் கொள்கிறது. இத்தகைய தரவுகளைக் கையாள்வதற்குக் கூடுதலான நிபந்தனைகள் உண்டு. தம்மைப் பற்றி வைத்திருக்கும் தரவைப் பார்வையிடவும் பிழையிருப்பின் திருத்துவிக்கவும் உரியவருக்கு உரிமையுண்டு என்பதும் இச்சட்டத்தின் முக்கிய அம்சமாகும். இதன் ஏற்பாடுகள் யாவும் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்க. குடியியற் கல்வி கற்போர் அறிந்த 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டமும், ஒருவரின் மருத்துவப் பதிவுகளை அவரது எழுத்துமூலச் சம்மதமின்றி மற்றவர் பெறுவதற்கு இடமளிப்பதில்லை. இலங்கை 1991 இல் ஏற்றுறுதி செய்த சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 16 ஆம் உறுப்புரை சிறுவரின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கிறது. அந்தரங்கம் பெரியவர்களுக்கு மட்டும் உரியது எனச் சில வீடுகளில் நினைப்பது சரியன்று.

இனி, பரீட்சையில் அதிகம் தவறவிடப்படும் பகுதிக்கு வருவோம். உளவளத்துணையாளர் எச்சந்தர்ப்பத்திலும் எதனையும் வெளியிடமாட்டார் என எழுதினால் அது பிழையாகும். துணைநாடி தம் உயிருக்குத் தீங்கு செய்யும் நிலையில் இருந்தால், பிறர் ஒருவருக்குப் பாரிய ஆபத்து இருந்தால், சிறுவர் ஒருவர் துஷ்பிரயோகத்துக்கு உள்ளாவது தெரியவந்தால், அல்லது நீதிமன்றம் கட்டளையிட்டால் இரகசியத்துக்கு வரையறை ஏற்படுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1969 இல் ஒரு பல்கலைக்கழக மாணவர், தாம் ஓர் இளம் பெண்ணைக் கொல்லப்போவதாக உளவியலாளரிடம் கூறினார். உளவியலாளர் வளாகப் பொலிசாருக்கு அறிவித்தார். அவர்கள் அம்மாணவரை விசாரித்துவிட்டு விடுவித்தனர். அப்பெண்ணையோ பெற்றோரையோ எவரும் எச்சரிக்கவில்லை. அவர் கொலை செய்யப்பட்டார். தாராசோஃப் வழக்கு என அறியப்படும் இவ்வழக்கில் 1976 இல் அம்மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம், ஆபத்துக்குள்ளாகும் நபரைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு எனத் தீர்த்தது.

வெளியிட நேரும்போதும் முழுக்கோவையும் கொடுக்கப்படுவதில்லை. உரியவருக்கு, தேவையான அளவு மாத்திரம், இயன்றவரை துணைநாடிக்கு முன்னரே அறிவித்துச் சொல்லப்படும். எந்தெந்தச் சந்தர்ப்பத்தில் இரகசியம் பேண இயலாது என்பதை முதல் சந்திப்பிலேயே விளக்குவது சிறந்த முறை. நீங்களே ஓர் உளவளத்துணையாளரிடம் செல்ல நேர்ந்தால், "நான் சொல்வது யாருக்கெல்லாம் போகும்?" எனக் கேட்கத் தயங்க வேண்டாம். கேட்பது உங்கள் உரிமை. சிறுவர் துஷ்பிரயோகம் பற்றித் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் இலக்கத்துக்கும், மன அழுத்தம் பற்றித் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

பயிற்சி

பின்வரும் நிகழ்வை வாசித்து விடை எழுதுக. தரம் 11 மாணவன் ஒருவன் பாடசாலை உளவளத்துணை ஆசிரியையைச் சந்தித்துத் தனக்குப் படிப்பில் மனம் செல்லவில்லை என்கிறான். அன்று மாலை வகுப்பாசிரியர், "அவன் என்ன சொன்னான் ரீச்சர்?" எனக் கேட்கிறார். மறுநாள் அவனது தாய் தொலைபேசியில் அழைத்து அதையே கேட்கிறார். ஒரு வாரத்தின் பின் அம்மாணவன், தனக்கு வாழவே விருப்பமில்லை எனவும் அதற்கு ஒரு வழியையும் எண்ணி வைத்திருப்பதாகவும் ஆசிரியையிடம் கூறுகிறான்.

(அ) வகுப்பாசிரியருக்கு ஆசிரியை அளிக்கத்தக்க பதில் யாது? (ஆ) தாயின் வினாவுக்கு முதல் வாரத்தில் அளிக்கும் பதிலும் இரண்டாம் வாரத்தில் அளிக்கும் பதிலும் ஏன் வேறுபட வேண்டும்? (இ) இரண்டாம் வாரத்தில் தாயிடம் எதனைச் சொல்ல வேண்டும், எதனைச் சொல்லத் தேவையில்லை?

குறிப்பு: (இ) பகுதிக்கு விடை எழுதும்போது "தேவையான அளவு மாத்திரம்" என்னும் விதியைப் பிரயோகிக்க. மாணவனின் உயிர் ஆபத்து, அவனைத் தனியே விடக்கூடாது என்பது, வைத்திய உதவி ஆகியன தாய்க்குத் தெரிய வேண்டும். வீட்டைப் பற்றி அவன் கூறிய மனக்குறைகள் யாவும் தெரிய வேண்டுமா என்பதற்குக் காரணம் காட்டி எழுதுக.