ஓடும் நீரில் தோணி செலுத்துதல்: துடுப்புப் பிடிப்போருக்கு முதற் பாடங்கள்

வயல் செய்து வாழ்ந்த எமது மக்களுக்குத் தண்ணீர் புதியதல்ல. துருசு திறந்து குளத்து நீரை வயலுக்கு இறக்கவும், வரம்பை வெட்டி வடியவிடவும், வான் பாயும் ஓசையைக் கேட்டே மழையின் அளவைச் சொல்லவும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் தண்ணீரின் மேல் தோணியிற் போவது வேறு தொழில். கரையோர மீனவரின் பிள்ளை அதை நடை பழகும் வயதிலேயே பழகிவிடுகிறது. இடம்பெயர்ந்து ஆற்றோரங்களிலும் வாவிக்கரைகளிலும் குடியேறிய விவசாயக் குடும்பங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. மாரியில் பாதை மூடுண்டு, அரிசி வாங்கவும் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவும் தோணியே துணை என்றாகும்போது, பழகாத கையில் துடுப்பு வந்து சேர்கிறது.

2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவில் வெள்ளம் பாய்ந்த வீதியில் உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு மத்ரஸா மாணவர்களை இழந்தோம். இவை துடுப்புத் தோணிகள் அல்ல. ஆயினும் நீரைக் கடப்பது எமது மாகாணங்களில் உயிரோடு சம்பந்தப்பட்ட காரியம் என்பதை இவை நினைவூட்டுகின்றன. ஆகவே, ஓடும் நீரில் சிறு தோணி செலுத்துவதன் அடிப்படைகளை இங்கே விளக்குகிறோம்.

பழைய கலை

பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாயும் ஆறுகளில் தோணி செலுத்துவதில் வட அமெரிக்காவின் பழங்குடி மக்கள் கைதேர்ந்தவர்கள். பேர்ச் மரத்தின் பட்டையைத் தைத்து, பொருத்துகளில் பிசின் பூசிச் செய்த இலேசான தோணிகளில் அவர்கள் வேட்டைக்கும் வியாபாரத்துக்கும் போனார்கள். அவர்களுடைய துடுப்புக்கு ஒரு முனையில் மட்டுமே அலகு உண்டு. இந்தக் கலையே பின்னர் விளையாட்டாக வளர்ந்து, 1972இல் ஜேர்மனியில் ஒலிம்பிக் போட்டியில் இடம்பெற்றது. 1992 முதல் தொடர்ந்து இடம்பெற்று வருகிறது. எமது நாட்டில் கித்துல்கலவில் களனி கங்கையின் வேக நீரில் உல்லாசப் பயணிகள் றப்பர் படகு விடுகிறார்கள். அவர்கள் பொழுதுபோக்குக்காகக் கற்கும் அடிப்படைகள், மாரியில் வெருகல் ஆற்றைக் கடக்கும் ஒருவருக்கு உயிர் காக்கும் பாடங்களாகும்.

எல்லாவற்றுக்கும் மேலான பாடம் ஒன்று உண்டு. ஓடும் நீரோடு பலம் பார்க்கக்கூடாது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. எந்தத் தோளும் அதற்கு ஈடுகொடுக்காது. தோணியை எந்தச் சரிவில் வைப்பது என்று அறிந்தவரையே ஆறு கரை சேர்க்கும்.

இருப்பும் பிடியும்

சிறு தோணியில் எழுந்து நிற்கவேண்டாம். முழங்கால்களை அகலமாக ஊன்றி, பின்பாகத்தைக் குறுக்குப் பலகையிற் சாய்த்து இருங்கள். உடம்பின் பாரம் கீழே இருக்கும்வரை தோணி இலகுவிற் புரளாது. பொதிகளையும் அடித்தளத்தில் நடுவே வையுங்கள்.

துடுப்பை நிலத்தில் நிறுத்தினால் அதன் உச்சி உங்கள் நாடிக்கும் மூக்குக்கும் இடையில் வரவேண்டும். ஒரு கை உச்சிப் பிடியின் மேலும், மற்றக் கை அலகுக்குச் சற்று மேலேயும் இருக்கட்டும்.

ஐந்து வீச்சுகள்

1. முன் வீச்சு: உடம்பைச் சிறிது முறுக்கி, அலகை முழங்காலுக்கு முன்னால் நிமிர்த்தி நாட்டி, இடுப்புவரை இழுங்கள். அதற்குப் பின்னால் இழுத்தால் தண்ணீர் மேலே வாரப்படுமே தவிர தோணி முன்னேறாது. மண்வெட்டி பிடித்தவருக்கு இது விளங்கும்: கையால் மட்டும் கொத்துபவர் விரைவிற் களைப்பார், முதுகையும் சேர்த்துக் கொத்துபவர் மாலைவரை நிற்பார்.

2. பின் வீச்சு: இடுப்பிலிருந்து முன்னோக்கித் தள்ளுவது. தோணியின் வேகத்தைக் குறைக்கவும், நிதானித்துப் பார்க்கவும் இது உதவும்.

3. வளைவு வீச்சு: அலகைத் தோணிக்கு விலக்கி, முன்னிருந்து பின்னாக அரைவட்டமாக வீசுவது. வலப்பக்கம் வீசினால் தோணி இடப்பக்கம் திரும்பும்.

4. இழுப்பு வீச்சு: பக்கவாட்டில் எட்டி நாட்டி, அலகைத் தோணியை நோக்கி இழுப்பது. தோணி அந்தப் பக்கமாக நகரும். திடீரெனப் பாறை தென்பட்டால் முன்னால் இருப்பவருக்குக் கைகொடுப்பது இதுவே.

5. தூண்டில் வீச்சு: ஒரு பக்கத்திலேயே வலித்துக்கொண்டிருந்தால் தோணி மறுபக்கம் திரும்பிக்கொண்டே போகும். இதைத் திருத்த, முன் வீச்சின் முடிவில் மேற்கையின் பெருவிரலைக் கீழே திருப்பி, அலகை வெளிப்புறமாகச் சற்றுத் தள்ளுங்கள். துடுப்புப் போகும் பாதை தூண்டில் முள்ளைப்போல் வளைந்திருக்கும். இது பின்னால் இருப்பவரின் வேலை.

இருவர் செலுத்தும்போது எதிரெதிர்ப் பக்கங்களில் வலிக்கவேண்டும். முன்னவர் பாறையையும் மரத்தையும் பார்த்துக் குரல் கொடுக்க, பின்னவர் திசை பிடிப்பார். தோணி ஒரு பக்கம் சரிந்தால், அந்தப் பக்கத்தவர் அலகைத் தட்டையாக நீர்மேல் அழுத்தித் தாங்கலாம். பயத்தில் துடுப்பை மேலே தூக்குபவருக்கு அந்தத் தாங்கல் இல்லாமற் போகிறது.

நீரை வாசித்தல்

வாய்க்காலில் ஒரு கல் கிடந்தால், அதன் கீழ்ப்பக்கத்தில் வைக்கோல் ஓடாமற் சுழன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆற்றிலும் பாறைக்குக் கீழேயும் கரை முனைக்குக் கீழேயும் அத்தகைய ஒதுக்கு நீர் உண்டு. அங்கே தோணியை நிறுத்தி இளைப்பாறலாம். அடுத்த கட்டத்தைப் பார்க்கலாம்.

ஒதுக்கிலிருந்து ஓட்டத்துக்குள் நுழையும்போதும், ஓட்டத்திலிருந்து ஒதுக்குக்குள் வரும்போதும் தோணி சட்டென்று திரும்பும். அவ்வேளையில் திரும்பும் வளைவின் உட்பக்கமாகச் சாயுங்கள். சைக்கிளில் முடக்குத் திரும்பும்போது சாய்வதும் இவ்வாறே. வெளிப்பக்கம் சாய்ந்தால் நீர் விளிம்பேறிக் கவிழ்த்துவிடும்.

நீரின் மேற்பரப்பில் தெரியும் கூரையும் கவனியுங்கள். இரண்டு பாறைகளுக்கு நடுவே வழுவழுப்பான நீர் ஆப்பு வடிவில் கீழ்நோக்கிக் கூராகப் போனால் அது வழி. கூர் மேல்நோக்கி, ஓட்டத்தை எதிர்த்து நின்றால் அங்கே கல்லோ கட்டையோ மறைந்திருக்கிறது.

தோணி குறுக்காகப் பாறையில் மோதப்போனால் மனம் பாறைக்கு எதிர்ப்பக்கம் ஒதுங்கச் சொல்லும். அப்படி ஒதுங்கினால் மேலிருந்து வரும் நீர் தோணியை நிரப்பும். பாறையின் பக்கமே சாய்ந்து, கையால் அதைத் தள்ளி விலகுங்கள்.

அக்கரை சேரும் முறை

அக்கரையை நேரே நோக்கி வலித்தால் ஆறு உங்களை வெகுதூரம் கீழே கொண்டுபோகும். முன்முனையை ஓட்டம் வரும் திசைக்குத் திருப்பி, சேரவேண்டிய கரைப்பக்கம் சற்றே சரித்து வையுங்கள். ஓட்டம் வரும் திசையை 12 மணி என்று கொண்டால், வலக்கரைக்குப் போக முன்முனை 1 மணியையும், இடக்கரைக்குப் போக 11 மணியையும் நோக்கட்டும். சீராக முன் வீச்சு வலியுங்கள். உங்கள் வலிப்பு கீழே அள்ளுண்டு போகாமற் காக்கும். சரிந்திருக்கும் பக்கத்தில் மோதும் நீர் தோணியை அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகும். ஓட்டம் கடுமையான இடத்தில் சரிவை இன்னும் குறையுங்கள்.

கவிழ்ந்தால்

தோணிக்குக் கீழ்ப்புறம் அகப்படவேண்டாம். பாறைக்கும் தோணிக்கும் நடுவே நசுங்க நேரும். மேல்புறம் விலகி, மல்லாந்து, கால்களை நீர்மட்டத்துக்கு உயர்த்திக் கீழ்த்திசையை நோக்கி நீட்டிக்கொள்ளுங்கள். வேக நீரில் எழுந்து நிற்க முயலவேண்டாம். கால் கற்களுக்கிடையே இறுகினால் நீர் ஆளைக் குப்புறத் தள்ளி அமுக்கும். ஓட்டம் தணிந்த இடத்தில் சரிவாகக் கரையை நோக்கி நீந்துங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய மரக்கிளையும் முட்கம்பி வேலியும் பாறையிலும் கொடியவை. அவை நீரைப் போகவிட்டு மனிதரைப் பிடித்துக்கொள்ளும். வான் பாயும் இடத்துக்கும் அணைக்கட்டுக்கும் கீழே நீர் பின்னோக்கிப் புரண்டு, விழுந்ததை வெளியே விடாது. எவ்வளவு தேர்ச்சி இருந்தாலும் அங்கே தோணி விடக்கூடாது.

பழகும் ஒழுங்கு

வெள்ளம் வந்தபின் பழகமுடியாது. கோடையில், இடுப்பளவு ஆழமுள்ள அசையாத நீரில், கரையோரமாக ஐந்து வீச்சுகளையும் பழகுங்கள். வேண்டுமென்றே தோணியைக் கவிழ்த்து வெளியேறவும் பழகுங்கள். பிறகு மெல்ல ஓடும் நீரில் ஒதுக்குக்கு வருவதையும், சரிவு வைத்துக் கடப்பதையும் பழகலாம். ஆண்கள் இல்லாத வேளையிலும் வெள்ளம் வருமாதலால் பெண்களும் கட்டாயம் பழகவேண்டும்.

உயிர்காப்பு அங்கி இன்றித் தோணி ஏறவேண்டாம். கவிழ்ந்த பின் பிடித்து மிதக்க, மூடி இறுக்கிய வெற்றுக் கான்களையும் தோணியிற் கட்டி வையுங்கள். 10 லீற்றர்க் கான் ஏறத்தாழ 10 கிலோ பாரத்தைத் தாங்கும். ஆனாலும் அது அங்கிக்கு ஈடாகாது.

அண்டைக் கிராமத்து மீனவப் பெரியவர் ஒருவரைக் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மூலம் அழைத்துக் கற்பிக்கச் சொல்லுங்கள். கலிலேயாக் கடலில் எதிர்க்காற்றோடு போராடிக் களைத்த சீடருள்ளும் மீன்பிடித் தொழிலாளர் இருந்தார்கள். பழகியவருக்கே நீர் அவ்வளவு கடினமென்றால் புதியவர் அவசரப்படலாகாது. ஓட்டம் கூடிய நாளில் அக்கரைக் காரியத்தை அடுத்த நாளுக்குத் தள்ளிப்போடுவதும் இந்தத் தொழிலின் ஒரு பகுதியே.