சிஸ்டம் டேபிள்: படிக்கலாம், எழுதக் கூடாது

இந்த வார எபிசோட்ல டேட்டாபேஸ் மைக்ரேஷன் பத்திப் பேசினப்போ ஒரு விஷயத்தை வேகமா தாண்டிட்டோம். அதை இங்கே நிதானமா எழுதுறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் ரெண்டு வருஷத்துக்குள்ள இந்தச் சிக்கல் உங்க மேசைக்கும் வரலாம்.

போஸ்ட்கிரெஸ்ல கோடிக்கணக்கான ரெக்கார்டுகள் உள்ள ஒரு டேபிள். அதில் ஒரு ஃபீல்டை 'நாட் நல்' ஆக்க வேண்டும், அதாவது இனி அது காலியாக இருக்கக் கூடாது. 'ஆல்டர் டேபிள்' கொடுத்தால், ஏற்கெனவே எதுவும் காலியாக இல்லையா என்று போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு ரெக்கார்டாகப் பார்க்கும். முடிக்கும்வரை டேபிள் பூட்டியே இருக்கும். எழுத மட்டுமல்ல, படிக்கவும் முடியாது. ஆப் நின்றுவிடும்.

அப்போதுதான் யாராவது குறுக்குவழி சொல்வார்கள்: "பிஜி_அட்ரிப்யூட்னு ஒரு சிஸ்டம் டேபிள் இருக்கு. அதுல 'அட்நாட்நல்'ங்கிற இடத்தை ட்ரூன்னு அப்டேட் பண்ணிடு. ஒரு நொடி வேலை." சூப்பர்யூசராக இருந்தால் போஸ்ட்கிரெஸ் தடுக்காது. உண்மையிலேயே ஒரு நொடிதான் ஆகும். ஆபத்தும் அங்கேதான்.

ஏன் இப்படித் திறந்திருக்கு?

ரிலேஷனல் மாடலைத் தந்த எட்கர் காட், 1985-ல் ஒரு டேட்டாபேஸை ரிலேஷனல் என்று சொல்ல என்னென்ன வேண்டும் என்று விதிகள் எழுதினார். அதில் நான்காவது விதி இதுதான்: டேட்டாபேஸ் தன்னைப் பற்றி வைத்திருக்கும் விவரங்களும் சாதாரண டேபிள்கள் போலவே இருக்க வேண்டும், அதே மொழியில் கேள்வி கேட்டு அவற்றைப் பார்க்க முடிய வேண்டும். கவனியுங்க, அவர் சொன்னது கேள்வி கேட்பதைப் பற்றி. சிஸ்டம் டேபிளும் டேபிள்தானே, அப்டேட் பண்ணா என்ன என்பது நாமாகச் சேர்த்துக்கொண்டது.

ஊர்ல தாத்தா நிலத்துப் பத்திரத்தைப் பார்த்திருப்பீங்க. அதில் அளவை மாற்றி எழுதினால் நிலம் நீளுமா? 'ஆல்டர் டேபிள்' செய்வது நான்கு வேலைகள்: பூட்டு போடும், தரவைச் சரிபார்க்கும், இந்த ஃபீல்டை நம்பியிருக்கும் வியூ, இண்டெக்ஸ்களைப் பார்க்கும், சிஸ்டம் டேபிளிலும் எழுதும். நீங்க கையால் செய்வது அந்த எழுதும் வேலையை மட்டும்.

ஒரு ரெக்கார்டு போதும்

நான் கான்ட்ராக்டுக்குப் போன ஓர் இடத்தில் டேட்டாபேஸைப் புது சர்வருக்கு மாற்றும் வேலை. பழையதை டம்ப் எடுத்து புதியதில் ரீஸ்டோர் செய்தோம். கடைசியில் ஒரே ஒரு எரர். போய்ப் பார்த்தால் முக்கியமான டேபிள் ஒன்று முழுக்கக் காலி!

காரணம், காலியான ஃபீல்டோடு இருந்த ஒற்றை ரெக்கார்டு. டம்ப் ஃபைல் அந்த ஃபீல்டு நாட் நல் என்கிறது, தரவோ நல் என்கிறது. ஒரு டேபிளின் தரவு ஒரே 'காப்பி' கட்டளையில் ஏறுவதால், ஒரு ரெக்கார்டு தோற்றால் மொத்தமும் தோற்கும். ரீஸ்டோரோ அதைக் குறித்துக்கொண்டு அடுத்த டேபிளுக்குப் போய்விடும்.

பழைய மைக்ரேஷன் ஸ்கிரிப்ட்டில் பிஜி_அட்ரிப்யூட் அப்டேட் இருந்தது. எழுதியவர் கவனமானவர்தான், முதலில் நல் எத்தனை என்று எண்ணியிருக்கிறார். பூஜ்யம்தான் வந்திருக்கும். ஆனால் அந்த நேரத்தில் இன்னும் கமிட் ஆகாத டிரான்ஸாக்‌ஷன் ஒன்றில் ஒரு நல் இருந்தால், எண்ணும்போது அது கண்ணில் படாது, பிறகு கமிட் ஆகி உள்ளே வந்துவிடும். 'ஆல்டர் டேபிள்' என்றால் பூட்டு கேட்டு அந்த டிரான்ஸாக்‌ஷன் முடியும்வரை காத்திருக்கும். தொல்லை என்று தோன்றும் பூட்டு எதற்கு என்று இப்போ புரியுதா?

பழைய சர்வர் ஓடிக்கொண்டிருந்ததால் ரெக்கார்டைத் திருத்தி மறுபடி டம்ப் எடுத்தோம். சர்வர் விழுந்த ராத்திரியில், கையில் பேக்கப் மட்டும் இருக்கும்போது இதைக் கண்டுபிடிப்பது வேறு கதை.

பொய்யை நம்பும் டேட்டாபேஸ்

2024-ல் வந்த போஸ்ட்கிரெஸ் 17 இன்னொரு படி மேலே போகிறது. நாட் நல் ஃபீல்டில் நல் இருக்கிறதா என்று கேட்டால், தரவைத் தொடாமலே "இல்லை" என்று சொல்லிவிடும். வேகத்துக்காகச் செய்த நல்ல மாற்றம். ஆனால் சிஸ்டம் டேபிளில் பொய் எழுதியிருந்தால், அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்க நீங்க எழுதும் சாதாரணக் கேள்விக்கே பொய்யான பதில் வரும். பதிப்பு 18-ல் நாட் நல் விவரம் பிஜி_கான்ஸ்ட்ரெயின்ட் டேபிளிலும் பதிவாகிறது. பழைய ஸ்கிரிப்ட்டுக்கு அது தெரியாது.

மற்றவர்கள் கதவையே மூடிவிட்டார்கள். எஸ்க்யூஎல் சர்வர் 2005-லிருந்து சிஸ்டம் டேபிள்களை நேரடியாக மாற்ற விடுவதில்லை. மைஎஸ்க்யூஎல் 8.0 தன் டேட்டா டிக்‌ஷனரி டேபிள்களைக் கண்ணிலேயே காட்டாது.

சரியான வழி இருக்கு

போஸ்ட்கிரெஸ் 12 முதல் இப்படிச் செய்யலாம்:

1. 'இந்த ஃபீல்டு நல் இல்லை' என்று ஒரு செக் கான்ஸ்ட்ரெயின்ட், 'நாட் வேலிட்' சேர்த்துப் போடுங்க. பூட்டு கிடைத்ததும் நொடியில் முடியும், புது ரெக்கார்டுகள் உடனே சரிபார்க்கப்படும்.
2. பிறகு 'வேலிடேட் கான்ஸ்ட்ரெயின்ட்'. பழைய ரெக்கார்டுகளைப் பார்க்க நேரமாகும், ஆனால் ஆப் படிக்கலாம், எழுதலாம்.
3. அடுத்து 'செட் நாட் நல்'. செக் ஏற்கெனவே உறுதி செய்துவிட்டதால் மறுபடி தேடாது.
4. செக்கை எடுத்துவிடுங்க.

முதல், மூன்றாம், நான்காம் படிகளுக்குச் சிறிது நேரம் முழுப் பூட்டு வேண்டும். 'லாக்_டைம்அவுட்' வைத்துக்கொண்டால் பூட்டுக்காக வரிசை நீளாது.

சிஸ்டம் டேபிள்களைத் தாராளமாகப் படிங்க. பிஜி_கிளாஸ், பிஜி_இண்டெக்ஸ் எல்லாம் படித்தால்தான் டேட்டாபேஸ் புரியும். ஆனால் திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் உங்க மைக்ரேஷன் ஃபோல்டரில் 'அப்டேட் பிஜி_' என்று தேடிப் பாருங்க. ஏதாவது கிடைத்தால், அன்றைக்கே பேக்கப்பை வேறொரு சர்வரில் ரீஸ்டோர் செய்து, டேபிள்களில் ரெக்கார்டுகள் இருக்கான்னு எண்ணிப் பாருங்க.