துயருற்றோரும் அயல்நாட்டு வாசமும்

“அம்மாவைச் சில மாதங்கள் எங்களோடு அழைத்துச் செல்கிறோம், ஐயா. இடம் மாறினால் மனம் ஆறும்.” துக்க வீட்டில், வெளிநாட்டிலிருந்து வந்த மகன் போதகரிடம் இவ்வாறு கூறுவது இன்று நம் சபைகளில் வழக்கமாகிவிட்டது. இக்கூற்று எவ்வளவு உண்மை என்பதை ஆராய்தல் நம் கடமை.

தென்னேரியில் நாம் அறிந்த ஒரு நெசவாளர் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கோர்வைப் பட்டு நெய்யத் தறியில் இருவர் வேண்டும். கணவர் புடவையின் உடலை நெய்ய, மனைவி அருகிருந்து கரைக்குரிய நாடாவை எறிவார். கணவர் மரித்தபின் வெறுமையான தறியைக் காணப் பொறாமல், அவ்வம்மையார் சிங்கப்பூரிலுள்ள மகன் இல்லம் சென்றார். வழியனுப்பும் ஜெபத்தோடு நம் பணி முடிந்ததென்று நாம் எண்ணிவிட்டோம். அது நம் குறையே.

அங்கே மகனும் மருமகளும் வேலைக்கும், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் சென்றபின் பகலெல்லாம் அவர் தனித்திருந்தார். தாம் பேசினால் பிள்ளைகள் வருந்துவர் என்று தாயும், நினைவூட்டினால் தாய் அழுவார் என்று பிள்ளைகளும் மௌனம் காத்தனர். ஒருநாள் பேரன், “தாத்தாவின் தறியில் இருவர் ஏன் உட்காரவேண்டும்?” என்று கேட்டான். அவர் விளக்கத் தொடங்கினார்; அன்றிரவு குடும்பம் முழுவதும் ஒன்றாக அழுதது. தம் ஆறுதல் அன்றுதான் தொடங்கிற்று என்று திரும்பி வந்தபின் அவர் நம்மிடம் கூறினார்.

திருமறையில் நகோமியின் வரலாறு இதற்கு ஒளி தருகிறது. பஞ்சத்துக்குத் தப்பி மோவாபுக்குச் சென்ற அக்குடும்பத்துக்கு அயல்நாடே கல்லறையாயிற்று. பெத்லகேமுக்குத் திரும்பியவள் தன் துயரை மறைக்கவில்லை. தன் பெயரையே மாற்றி அழைக்கும்படி ஊர்ப் பெண்களிடம் சொன்னாள். அவள் கசப்பைக் கேட்ட அவ்வூர்ப் பெண்களே, பின்னர் ஓபேத் பிறந்தபோது அவளோடு மகிழ்ந்தனர். ஆறுதலுக்குத் தேவைப்பட்டவை பிரியாத ஒரு துணையும், முறையீட்டைச் செவிமடுத்த ஒரு சமூகமுமே. தூரம் தன்னளவில் எதையும் ஆற்றவில்லை.

நம் திருச்சபை வரலாற்றிலும் சான்று உண்டு. யாழ்ப்பாணத்து உடுவிலில் 1824-இல் பெண்கள் பள்ளியைத் தொடங்கிய ஹாரியட் வின்ஸ்லோ அம்மையார் 1833-இல் மரித்தார். அவர் கணவர் மைரன் வின்ஸ்லோ, தாயை இழந்த பிள்ளைகளுடன் அமெரிக்கா சென்றார். மனைவியின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1835-இல் வெளியிட்டார். பின்னர்க் கீழ்த்திசைக்குத் திரும்பி, 1836-இல் சென்னையில் பணி தொடங்கினார். அவருடைய தமிழ்–ஆங்கில அகராதி 1862-இல் வெளிவந்தது. தாயகத்தில் தங்கிய நாட்களை அவர் மறப்பதற்கான நாட்களாக்கவில்லை. நினைவுக்கு உருக்கொடுக்கும் நாட்களாக்கினார்.

இவற்றிலிருந்து போதகர் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, பயணத்துக்கு முன் பிள்ளைகளையும் தாயையும் ஒருங்கே அமர்த்தி, மரித்தவரின் பெயரை வீட்டில் தடையின்றிச் சொல்லலாம் என்று உணர்த்தவேண்டும். இரண்டாவது, அவர் செல்லும் ஊரிலுள்ள தமிழ்ச் சபையின் போதகருக்குக் கடிதம் எழுதவேண்டும். மூன்றாவது, திரும்பும் நாளை மறவாதிருக்கவேண்டும். பூட்டிய கதவை மீண்டும் திறக்கும் அவ்வேளையில் துயர் புதிதாக எழும். அந்நாளில் அவரோடு வாசற்படி ஏறுவதற்குச் சபையார் ஒருவராவது இருத்தல் அவசியம்.

அயல்நாட்டு வாசத்தை நாம் தடுக்கவேண்டியதில்லை. ஓய்வும், பேரப்பிள்ளைகளின் நெருக்கமும் தேவன் அருளும் நன்மைகளே. ஆயினும் துயருற்றவரை விமானமேற்றிவிட்டு அவரை ஆற்றிவிட்டதாக எண்ணுவோமானால், தறியில் ஓர் இடம் வெறுமையானதைக் கண்டும் காணாதவர்களாவோம். தென்னேரி அம்மையார் இன்று வேறொரு தறியில், இளம் நெசவாளர் ஒருவருக்குத் துணையாக அமர்ந்து நாடா எறிகிறார்.