ஒரு குழாய் ரத்தத்தில் புற்றுநோய் தெரியுமா?

"கட்டியில கத்தி வச்சா பரவிடும்" என்ற பயம் நெய்வேலி வட்டங்களில் இன்னும் போகவில்லை. மார்பில் கட்டி, வாயில் ஆறாத புண் என்று என்.எல்.சி. மருத்துவமனைக்குப் போனவரை அங்கிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கோ அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ அனுப்பினால், வீட்டில் முதல் பேச்சே பயாப்ஸியைப் பற்றித்தான் இருக்கும். "சதை எடுக்கச் சொல்றாங்களே, எடுத்தா பரவிடுமாமே?" இப்போது வாட்ஸ்அப் புண்ணியத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: "ரத்தம் கொடுத்தா போதும், கண்டுபிடிச்சிடலாமாம். அப்புறம் எதுக்கு ஊசியும் கத்தியும்?"

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று தெரியாமல் பயாப்ஸியைத் தள்ளிப்போடுகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மார்பு, நுரையீரல், குடல், வாய் என எங்கே புற்றுக்கட்டி வந்தாலும், வளர வளர அதிலிருந்து சில செல்கள் பிரிந்து ரத்தத்தில் கலக்கின்றன. இது ரத்தப் புற்றுநோய் இல்லை. ரத்தப் புற்றுநோயில் ரத்தத்தை உண்டாக்கும் செல்களே கெட்டுப்போகின்றன. இங்கே வேறோர் உறுப்பின் செல் வழி தவறி ரத்தத்துக்குள் வந்திருக்கிறது. இப்படி ரத்தத்தில் சுற்றும் கட்டிச் செல்களை மருத்துவர்கள் சி.டி.சி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். முதலில் பார்த்துச் சொன்னவர் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இருந்த தாமஸ் ஆஷ்வொர்த். 1869-இல், புற்று உடலெங்கும் பரவி இறந்த ஒருவரின் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அவருடைய கட்டிகளில் இருந்த அதே மாதிரி செல்கள் அதிலும் தெரிந்தன. கத்தி படாமலே செல்கள் பயணப்படுகின்றன என்பதற்கு 150 ஆண்டுக்கு முந்தைய சாட்சி இது.

பயணப்படுகிற செல்களில் பெரும்பாலானவை சில மணி நேரத்தில் செத்துப்போகின்றன. ரத்த ஓட்டத்தின் அழுத்தமும் உடலின் எதிர்ப்பு செல்களும் அவற்றை விட்டுவைப்பதில்லை. தப்பிய ஒன்றிரண்டு எலும்பிலோ கல்லீரலிலோ தங்கி வளர்ந்தால்தான் அது பரவல். தனியாகப் போகும் செல்லைவிட, கொத்தாகச் சேர்ந்து போகும் செல்கள் அதிக ஆபத்தானவை.

சரி, இவற்றை எப்படிப் பிடிப்பது? பரிசோதனைக்கு எடுப்பது 7.5 மில்லி ரத்தம், அதாவது ஒன்றரை டீஸ்பூன். அதில் மூவாயிரம் கோடிக்கு மேல் சிவப்பணுக்கள், சில கோடி வெள்ளையணுக்கள் இருக்கும். தேடுகிற புற்றுச் செல்லோ ஐந்து இருக்கலாம், ஒன்று இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். நிலக்கரி போகும் கன்வேயர் பெல்ட்டின் மேல் காந்தத்தைத் தொங்கவிட்டு, கரியோடு கலந்து வரும் இரும்புத் துண்டை இழுத்தெடுப்பார்களே, இங்கேயும் வழி அதுதான். புற்றுச் செல்லின் மேற்பரப்பில் எப்காம் என்றொரு புரதம் உண்டு. ரத்த அணுக்களில் அது கிடையாது. அதைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியில் நுண்ணிய இரும்புத் துகளைக் கோர்த்து ரத்தத்தில் கலக்கிறார்கள். துகள் ஒட்டிய செல் காந்தத்தின் பக்கம் வந்துவிடும். பிறகு அதற்குச் சாயம் ஏற்றுவார்கள். உட்கரு தெரிய வேண்டும், கெராட்டின் என்ற புரதம் தெரிய வேண்டும், வெள்ளையணுவுக்கே உரிய சி.டி.45 தெரியக் கூடாது. மூன்றும் பொருந்தினால்தான் கணக்கில் ஒன்று கூடும்.

இந்த வழியில் செல்களை எண்ணும் செல்சர்ச் என்ற கருவிக்கான ரத்தத்தைச் சாதாரணக் குழாயில் எடுக்க முடியாது. செல்லைக் கெடாமல் காக்கும் மருந்து கலந்த தனிக் குழாய் வேண்டும். அதை ஃப்ரிட்ஜில் வைக்காமல் அறை வெப்பத்திலேயே நான்கு நாள் வரை வைத்திருக்கலாம். நெய்வேலி மாதிரி ஊரில் எடுத்த ரத்தமும் பெருநகர ஆய்வகத்துக்குப் போய்ச் சேர முடிவது இதனால்தான்.

இந்த எண்ணால் என்ன பயன்? 2004-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஏற்கெனவே பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய் உள்ள 177 பெண்களைப் பார்த்தது. சிகிச்சைக்கு முன் ஐந்தோ அதற்கு மேலோ செல்கள் இருந்தவர்களுக்கு நோய் மறுபடி முன்னேற ஆன காலம் சராசரியாக 2.7 மாதம், ஐந்துக்குக் கீழ் இருந்தவர்களுக்கு 7 மாதம். அதே ஆண்டில் செல்சர்ச்சுக்கு அந்நாட்டு அரசின் அனுமதி கிடைத்தது. பெருங்குடலுக்கும் புராஸ்டேட்டுக்கும் பிற்பாடு கிடைத்தது. கவனியுங்கள், இவர்கள் எல்லாரும் நோய் உறுதியானவர்கள். யாருக்கு நோய் வேகமாகப் போகும் என்று சொல்லத்தான் அந்த எண் உதவியது.

போகும் வேகம் தெரிந்தால் மருந்தை மாற்றிக் காப்பாற்றிவிடலாமே என்று தோன்றும். அதையும் சோதித்துப் பார்த்தார்கள். முதல் சுற்றுக் கீமோவுக்குப் பிறகும் எண்ணிக்கை குறையாத பெண்களில் பாதிப் பேருக்கு உடனே வேறு கீமோ கொடுத்தார்கள். 2014-இல் வந்த முடிவு ஏமாற்றமே: மாற்றியவர்கள் கூடுதலாக வாழவில்லை. நிலைமை மோசம் என்று பரிசோதனை சரியாகத்தான் சொன்னது. மாற்றிக் கொடுத்த கீமோவுக்கு அந்த நோயை அடக்கும் பலம் இல்லை.

பயன் தந்த இடங்களும் உண்டு. மார்பகப் புற்றில் ஹார்மோன் மாத்திரை போதுமா, கீமோ வேண்டுமா என்ற கேள்வியைச் சி.டி.சி. எண்ணைக் கொண்டே தீர்மானிக்கலாம் என்று 2021-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டியது. புராஸ்டேட் புற்றில், பிடித்த செல்லுக்குள் ஏ.ஆர்.வி.7 என்ற மாற்றம் இருந்தால் சில ஹார்மோன் மருந்துகள் கேட்காது. வேறு வழி பார்க்கலாம். செல்லை எண்ணுவதைவிட அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்தான் இந்தத் துறையின் எதிர்காலம் என்று நான் நம்புகிறேன்.

நம் நாட்டிலும் வேலை நடக்கிறது. புணேயில் ஆக்டோரியஸ் நிறுவனம் உருவாக்கிய ஆன்கோடிஸ்கவர் பரிசோதனையும் காந்த வழியில்தான் செல்லைப் பிடிக்கிறது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் அதை வாய், தொண்டைப் புற்றுநோயாளிகளிடம் பயன்படுத்திப் பார்த்து, எண்ணிக்கை கூடியவர்களுக்கு நோய் முற்றியிருப்பதைக் கண்டார்கள். புகையிலையால் வாய்ப்புற்று பெருகிக் கிடக்கும் நாட்டில் இது வேண்டிய ஆராய்ச்சி.

இதில் ஷிஃப்டு வாழ்க்கை வாழும் ஊருக்குச் சுவாரசியமான ஒரு செய்தியும் உண்டு. 2022-இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் மார்பகப் புற்றுள்ள 30 பெண்களிடம் விடியற்காலை நான்கு மணிக்கும் காலை பத்து மணிக்கும் ரத்தம் எடுத்தார்கள். அகப்பட்ட செல்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தூங்கும் நேரத்து ரத்தத்தில்தான் இருந்தன. இதற்காகத் தூக்கத்தைக் குறைக்க வேண்டாம். ரத்தம் எடுத்த நேரத்தைப் பொறுத்து எண் மாறலாம் என்பதுதான் பாடம்.

இப்போது, நோய் எதுவும் இல்லாதவர்கள் விஷயத்துக்கு வருவோம். நாசிக்கில் உள்ள டாட்டார் கேன்சர் ஜெனிடிக்ஸின் மார்பகப் புற்றுப் பரிசோதனையை 2022-இல் அப்போலோ மருத்துவமனைக் குழுமம் 6,000 ரூபாய்க்கு அறிமுகம் செய்தது. ரத்தத்தில் புற்றுச் செல்லைத் தேடி ஆரம்பத்திலேயே சொல்வது அதன் நோக்கம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதற்குத் தந்தது 'பிரேக்த்ரூ' தகுதி. பரிசீலனையை விரைவுபடுத்தும் தகுதி அது, அனுமதி வேறு. ஆரம்ப நிலையில் செல்களைப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஜெர்மனியில் நடந்த சக்ஸஸ் ஆய்வு சாட்சி: அறுவை முடிந்து கீமோவுக்குக் காத்திருந்த 2,026 பெண்களில், செல்சர்ச் முறையில் செல் தென்பட்டது 21.5 சதவீதம் பேருக்குத்தான். புதிய முறைகள் இதைவிட நன்றாகப் பிடிக்கக்கூடும். ஆனால் நலமாக இருப்பவர்களிடம் இப்படித் தேடினால் புற்றுநோய்ச் சாவு குறையும் என்று நீண்டகால ஆய்வு எதுவும் இதுவரை நிரூபிக்கவில்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சம் பெண்களில் நூறு பேருக்கு நோய் இருப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பரிசோதனை நூற்றுக்கு ஒரு முறை மட்டுமே தவறாக 'இருக்கிறது' என்று சொன்னாலும், நோயில்லாத ஏறக்குறைய ஆயிரம் பேர் ஸ்கேன், ஊசி என்று அலைவார்கள். அத்தனைக்கும் பிறகு, அறிக்கையில் 'இருக்கிறது' என்று வந்த ஒவ்வொருவருக்கும் கடைசியில் பயாப்ஸிதான் செய்ய வேண்டும். கட்டி எந்த வகை, எந்த மருந்து கேட்கும் என்பதைத் திசு சொல்ல வேண்டும். ஊசி பயாப்ஸியால் நோய் பரவுவது மிக மிக அரிது. விரை போன்ற சில இடங்களில் மட்டும் மருத்துவர்களே யோசித்துத் தவிர்ப்பார்கள்.

உயிரைக் காப்பாற்றும் என்று நம் மண்ணிலேயே நிரூபணமான பரிசோதனைகள் இருக்கின்றன. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்சுகள் கருப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி ஒரே ஒரு முறை பார்த்ததில், அந்தப் புற்றால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007-இல் லான்செட் இதழில் வந்த முடிவு இது. மும்பையில் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கையால் தொட்டு மார்பைப் பரிசோதித்தபோது, 50 வயது தாண்டிய பெண்களின் சாவு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது.

ஆகவே, கட்டியோ, ஆறாத புண்ணோ, காரணமில்லாத ரத்தப்போக்கோ இருந்தால் என்.எல்.சி. மருத்துவமனையிலோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உடனே காட்டுங்கள். பயாப்ஸி என்றால் தயங்காமல் சம்மதியுங்கள். சிகிச்சை நடக்கும்போது சி.டி.சி. பரிசோதனை எழுதிக் கொடுத்தால் மருத்துவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "இந்த எண்ணைப் பார்த்து என் சிகிச்சையில எதை மாத்துவீங்க, டாக்டர்?" அதற்குத் தெளிவான பதில் வந்தால் பணம் கட்டுங்கள்.