வேகம் வேண்டுமா? வீதியில் வேண்டாம்!



நள்ளிரவு கடந்தும் மகன் வீடு திரும்பவில்லை. உம்மா வாசலில் நிற்கிறார். வாப்பா தெருமுனைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருக்கிறார். தொலைவில் பைக்கின் உறுமல் கேட்கும்போதெல்லாம் "அவன்தானோ?" என்று இருவர் நெஞ்சமும் ஒருங்கே துடிக்கின்றன. இத்தகைய இரவை அறிந்த இல்லங்கள் நம்மிடையே எத்தனை!

மறுநாள் காலையில் வண்டிச் சாவி பீரோவுக்குள் போய்விடுகிறது. ஆனால் சாவியை ஒளித்துவைத்தால் ஆசையும் ஒளிந்துகொள்ளுமா? நண்பனின் வண்டி இருக்கிறதே! வேகத்தின்மீது இளமைக்குள்ள நாட்டத்தை ஏச்சினால் மட்டும் மாற்றிவிட இயலாது. அதற்குரிய இடத்தையும் ஒழுங்கையும் காட்டுவதே அறிவுடைமை. டிராக் ரேஸ் என்னும் நேர்கோட்டுப் பந்தயம் பிறந்த வரலாறே இதற்குச் சான்று.

காவலரே வழிகாட்டினார்

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் இளைஞர்கள் பழைய கார்களைப் பிரித்து மாற்றியமைத்து, வறண்ட ஏரிப் படுகைகளிலும் பொது வீதிகளிலும் பந்தயம் ஓட்டினர். விபத்துகள் பெருகின. மக்கள் வெகுண்டனர்.

1950ஆம் ஆண்டில் சாண்டா அனா என்னும் ஊரின் விமானத் தளத்து ஓடுபாதையில் முறையான பந்தயங்கள் தொடங்கின. மறு ஆண்டு, 'ஹாட் ராட்' இதழின் ஆசிரியராயிருந்த வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவினார். வீதிப் பந்தயத்தைக் களத்துக்குக் கொண்டுவருவதே அதன் நோக்கம். 1954இல் சங்கத்தின் சார்பில் நால்வர் குழுவொன்று ஊர் ஊராகச் சென்று, பாதுகாப்பாகப் பந்தயம் நடத்தும் முறையைக் கற்பித்தது. அக்குழுவின் தலைவர் யார் தெரியுமா? பொமோனா நகரக் காவல்துறையைச் சேர்ந்த சார்ஜன்ட் பட் கூன்ஸ்! விரட்டிப் பிடிக்க வேண்டிய காவலரே வழிகாட்டியாக வந்தார்.

நம் சென்னைக்கும் இதையொத்த வரலாறு உண்டு. உலகப் போர்க் காலத்துச் சோழவரம் விமான ஓடுபாதையில் பல்லாண்டுகள் மோட்டார் பந்தயங்கள் நடந்தன. பின்னர் 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயக் களம் திறக்கப்பட்டது. தேசிய அளவிலான டிராக் பந்தயச் சுற்றுகளும் அங்கே நடந்துள்ளன.

பந்தயத்தின் இலக்கணம்

இரு வண்டிகள், இரு தடங்கள், ஒரே நேர்கோடு. வழக்கமான தூரம் கால் மைல். அதாவது ஏறத்தாழ 402 மீட்டர். தொடக்கக் கோட்டில் 'கிறிஸ்துமஸ் மரம்' எனப்படும் விளக்குக் கம்பம் நிற்கும். 1963இல் இது அறிமுகமாயிற்று. மஞ்சள் விளக்குகள் வரிசையாக எரிந்து பச்சை தோன்றும். அதற்கு முன்பே பாய்ந்தவனுக்குச் சிவப்பு எரியும், அவன் தோற்றவனாவான்.

"இதற்கு விலையுயர்ந்த வண்டி வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. புதியவர்களுக்கு ஏற்றது 'பிராக்கெட்' முறை. இதில் ஓட்டுநர் தம் வண்டி எத்தனை வினாடியில் தூரத்தைக் கடக்கும் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஒருவர் 18 வினாடி என்றும் மற்றவர் 14 வினாடி என்றும் அறிவித்தால், முதலாமவருக்கு 4 வினாடி முன்னதாகவே பச்சை விளக்கு எரியும். அறிவித்ததைவிட விரைவாக ஓடிவிட்டால் பெரும்பாலும் தோல்விதான்! ஆகவே வாப்பாவின் பழைய காரும் புத்தம்புதிய காரை வெல்லக்கூடும். தன் வண்டியை உள்ளபடி அறிந்து, சொன்ன சொல்லுக்கு ஏற்ப ஓட்டுபவனுக்கே வெற்றி.

விதிகளுக்குப் பின்னே இரத்தம்

களத்தின் விதிகள் இளைஞருக்குத் தொல்லையாகத் தோன்றலாம். அவை எவ்வாறு பிறந்தன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1970இல் புகழ்பெற்ற வீரர் டான் கார்லிட்ஸின் வண்டியில் கியர் அமைப்பு வெடித்து, அவருடைய வலப் பாதத்தின் ஒரு பகுதி போயிற்று. அக்காலத்தில் எஞ்சின் ஓட்டுநருக்கு முன்னே இருந்தது. அவர் ஓய்ந்துவிடவில்லை. எஞ்சினைப் பின்னால் அமைத்த வண்டியை உருவாக்கி, 1971இல் வெற்றியும் கண்டார். அப்பிரிவு முழுவதும் அம்முறைக்கு மாறிற்று. 2008இல் ஸ்காட் கலிட்டா என்னும் வீரர் பந்தயத்தில் உயிரிழந்தார். அதன்பின் அதிவேகப் பிரிவுகளின் தூரம் 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது.

வேகம் கூடக்கூடப் பாதுகாப்பும் கூட வேண்டும் என்பதே அடிப்படை. அமெரிக்கச் சங்கத்தின் விதிப்படி, கால் மைலை 13.99 வினாடியிலோ அதனினும் விரைவாகவோ கடக்கும் காரில் தலைக்கவசம் கட்டாயம். 11.49 வினாடியை எட்டினால், கார் உருண்டாலும் கூரை நசுங்காதபடி காக்கும் இரும்புக் கம்பி வளைவு பொதுவாக வேண்டும். அண்மைக்காலக் கார்கள் சிலவற்றுக்கு மட்டும் தளர்வுண்டு.

முதல் நாள் செய்ய வேண்டியவை

இளைஞர்களே! களத்தில் இறங்கும் எண்ணம் இருந்தால் இவற்றை மனத்தில் இருத்துங்கள்.

முதல் முறை வண்டியின்றிச் செல்லுங்கள். பார்வையாளராக இருந்து, வரிசை, சைகைகள், திரும்பும் பாதை ஆகியவற்றைக் கவனியுங்கள். நம் நாட்டில் போட்டியிடுவதற்கான உரிமத்தை இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு வழங்குகிறது. அதைப் பெறும் முறையை விசாரித்தறியுங்கள்.

வண்டியை வீட்டிலேயே சோதியுங்கள். டயர், பிரேக், சக்கர நட்டுகள், பைக்காயின் செயின் ஆகியவற்றைப் பாருங்கள். பாட்டரி ஆடாமல் கட்டப்பட்டிருக்க வேண்டும். எண்ணெய்க் கசிவு ஒரு துளியும் ஆகாது. உங்கள் வண்டி சிந்தும் எண்ணெய் பின்னால் வருபவரைச் சறுக்கிவிடும். காரினுள் கிடக்கும் தண்ணீர்ப் புட்டி முதலியவற்றை அகற்றிவிடுங்கள். எஞ்சினில் எந்த மாற்றமும் இப்போது வேண்டாம்.

உடலைக் காத்துக்கொள்ளுங்கள். தரச்சான்று பெற்ற, தலைக்குச் சரியாகப் பொருந்தும் முழுமுகத் தலைக்கவசம் அணியுங்கள். பைக் ஓட்டுபவருக்குத் தோல் உடை, கையுறை, கணுக்காலை மூடும் காலணி ஆகியனவும் தேவை. செருப்புக்கு அங்கே இடமில்லை. உறக்கம் கெட்ட நாளில் ஓட்டாதீர்கள்.

முதல் ஓட்டத்தில் முழு வேகம் வேண்டாம். பாதித் தூரத்தில் முடுக்கத்தைக் குறைத்து, பிரேக் எவ்வாறு பிடிக்கிறது என்று அறியுங்கள். நடுக்கோட்டைத் தாண்டாதீர்கள். முடிவுக் கோட்டைக் கடந்தபின் சட்டென்று நிறுத்தாமல், உங்கள் தடத்திலேயே படிப்படியாக வேகத்தைக் குறையுங்கள். பக்கத்து வண்டியின் குறுக்கே ஒருபோதும் திரும்பாதீர்கள். ஏதேனும் கோளாறு தோன்றினால் உடனே ஓரமாக ஒதுங்குங்கள். விட்டுக்கொடுத்த ஓட்டத்தை மீண்டும் ஓடலாம். இழந்த உயிரை மீட்க முடியாது.

பெற்றோர் அறிய வேண்டியவை

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. குறுக்கே ஒரு குழந்தை ஓடிவந்தால், கண் கண்டு கை பிரேக்கைப் பற்றுவதற்குள்ளேயே அத்தனை தூரம் போய்விடக்கூடும். களத்தில் குறுக்கே வருபவர் இல்லை. நிற்பதற்கு நீண்ட வெளி உண்டு. ஆம்புலன்ஸ் ஆயத்தமாக நிற்கும். வீதியில் இவற்றில் எது இருக்கிறது?

சட்டமும் கடுமையானது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் 3 மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். மீண்டும் செய்தால் ஓராண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றமிழைத்தால், வண்டியைக் கொடுத்த பெற்றோருக்கே 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் வரக்கூடும். இன்னொன்று: குடும்ப வண்டிக்கு நாம் எடுக்கும் வழக்கமான காப்பீடு பந்தயத்துக்குச் செல்லாது. களத்துக்குச் செல்லும் முன் இதனையும் கேட்டறிய வேண்டும்.

பெற்றோர்களே! "பந்தயமா? பல்லை உடைப்பேன்!" என்று சொல்வது எளிது. ஆனால் அச்சொல்லுக்குப் பின் மகன் நம்மிடம் எதையும் சொல்லமாட்டான். நள்ளிரவில் நண்பர்களிடம்தான் சொல்வான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை அழைத்துக்கொண்டு பந்தயக் களத்துக்குச் சென்று பாருங்கள். தலைக்கவசம் வாங்க நீங்களும் உடன் செல்லுங்கள். ஒருவேளை அவன் சிறந்த ஓட்டுநராகலாம். வண்டிகளைச் செப்பனிடும் நல்ல மெக்கானிக்காகலாம். ஆசை தணிந்து அமைதியாகத் திரும்பியும் விடலாம். எதுவாயினும், அன்றிரவு உம்மா வாசலில் காத்து நிற்கமாட்டார். மகன் உங்களுடன் அமர்ந்து உண்டுகொண்டிருப்பான்.