பால் பாக்கெட்டில் ஒரு சிறு எழுத்து



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு திருப்பலி முடிந்ததும், மறைக்கல்வி வகுப்பில் அமர்ந்திருந்த சிறுவர் சிறுமியரிடம், "காலையில என்ன குடிச்சிட்டு வந்தீங்க?" என்று சும்மா கேட்டு வைத்தேன். "டீ சாமி" என்று ஒரே குரலில் பதில் வந்தது. கடுங்காப்பி என்றவர்களும் சிலர் இருந்தார்கள். பால் குடித்ததாகக் கை தூக்கியவர்கள் இரண்டே பேர். சங்கரன்கோவிலில் விடிவதற்கு முன்பே விசைத்தறிச் சத்தம் தொடங்கிவிடும். வேலைக்குப் புறப்படும் தாய்மார் பிள்ளைக்கும் சேர்த்து ஒரு டம்ளர் டீயை ஆற்றி வைத்துவிட்டுப் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த டம்ளரில் எது இருக்கிறது, எது இல்லை என்று அறிந்திருப்பது நல்லதல்லவா?

நான் இறையியல் படித்தவன். மருத்துவம் படித்தவன் அல்ல. இருந்தாலும் குருத்துவப் பணியில் வீடு சந்திக்கப் போகும் இடங்களில், "சாயங்காலமானா புள்ளை தடுக்கித் தடுக்கி விழுறான் சாமி" என்று தாய்மார் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதைத்தான் நம் முன்னோர் மாலைக்கண் என்றார்கள். மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதற்கு விழித்திரையில் ஒரு நிறமிப் பொருள் தேவை. அது உருவாக வைட்டமின் ஏ வேண்டும். உடலில் அந்தச் சத்து குறையும்போது முதலில் மாலைப் பார்வை போகிறது. அடுத்து வெள்ளை விழியில் நுரை படிந்ததுபோன்ற புள்ளிகள் தோன்றுகின்றன. அதையும் கவனிக்காமல் விட்டால் கருவிழி வறண்டு, புண்ணாகி, பார்வையே அழிந்துவிடும். இதோடு குழந்தையின் எதிர்ப்புச் சக்தியும் குறைவதால் தட்டம்மை, வயிற்றுப்போக்கு போன்றவை உயிருக்கே ஆபத்தாகின்றன.

இந்தச் சத்து கொழுப்பில் கரைவது. குடிக்கும் பொருள்களைப் பற்றிய கேள்விக்கெல்லாம் விடை இங்கேதான் இருக்கிறது. இளநீரில் இது இல்லை. வெயிலுக்கு இதமான பதநீரிலும் இதை எதிர்பார்க்க முடியாது. மோரில் வெண்ணெய் எடுக்கப்பட்டுவிட்டதால் பெயரளவுக்குத்தான் மிஞ்சும். கடுங்காப்பியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பால் இயற்கையாகவே வைட்டமின் ஏ உள்ள பானம். அதிலும் அது பாலின் கொழுப்போடுதான் ஒட்டியிருக்கிறது. கொழுப்பை எடுத்தால் அதுவும் கூடவே போய்விடும்.

இதை உலகம் விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது. முதல் உலகப் போர்க் காலத்தில் டென்மார்க் நாடு தன் வெண்ணெயை வெளிநாட்டுக்கு விற்றது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பாலும் செயற்கை வெண்ணெயும் மிஞ்சின. பல குழந்தைகளுக்குக் கண் வறண்டு பார்வை போயிற்று. 1917 இறுதியில் போரினால் ஏற்றுமதி தடைப்பட, வெண்ணெய் உள்நாட்டிலேயே பங்கிட்டுக் கொடுக்கப்பட்டது. நோய் ஏறக்குறைய மறைந்தே போனது. இதைக் கவனித்து எழுதியவர் கார்ல் பிளாக் என்ற குழந்தை மருத்துவர். பால் உற்பத்தியில் பேர்பெற்ற நாட்டிலேயே இப்படி நடந்தது!

நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு செய்தியும் உண்டு. 1950களிலும் 60களிலும் பங்குத்தந்தை இல்லத்து வாசலில் பாத்திரத்தோடு வரிசையில் நின்று அமெரிக்கப் பால் பவுடர் வாங்கியதை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். சி.ஆர்.எஸ். என்று நாம் அழைத்த கத்தோலிக்க நிவாரண அமைப்பின் வழியாக அது ஊர் ஊராக வந்தது. எத்தனையோ பிள்ளைகளின் பசியை ஆற்றிய பால் அது. ஆனால் அந்நாளில் உலகின் பல நாடுகளுக்கு அனுப்பப்பட்ட அந்தப் பவுடர் கொழுப்பு நீக்கியது. வைட்டமின் ஏ அதில் இல்லை. புரதம் கிடைத்து உடல் வளரத் தொடங்கியதும், உடலில் மிச்சமிருந்த கொஞ்சம் வைட்டமினும் வேகமாகச் செலவாகி, சில இடங்களில் குழந்தைகளின் கண் மேலும் கெட்டதை மருத்துவர்கள் கண்டார்கள். 1960களின் நடுவில்தான் நிவாரணப் பால் பவுடரில் வைட்டமின் ஏ சேர்க்கத் தொடங்கினார்கள். கொடுத்த கை நல்ல கைதான். ஆனால் நல்ல மனம் மட்டும் போதவில்லை. குருவாகிய எனக்கு இது அடிக்கடி நினைவுக்கு வரும்.

நம் மண்ணில் இந்த நோயோடு போராடியவர்களை மறக்கலாகாது. எட்டயபுரம் பகுதியின் வடமலாபுரத்தில் பிறந்த கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி, 1976இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்குவதற்கு முன்பே, கண் வறட்சி கண்ட குழந்தைகளையும் அவர்களின் தாய்மாரையும் தங்கவைத்து, உள்ளூர்க் காய்கறி, கீரைகளைக் கொண்டே சமைக்கக் கற்றுக்கொடுத்த மையம் ஒன்றை மதுரையில் நடத்தினார். பிறகு அந்த மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர் ரஹ்மத்துல்லாவும் அவருடைய குழுவினரும் திருச்சி மாவட்டத்தில் செய்த ஆய்வு 1990இல் வெளிவந்து உலகின் கவனத்தை ஈர்த்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட 15,419 குழந்தைகளின் வீடுகளுக்கு ஒவ்வொரு வாரமும் ஊழியர்கள் சென்றார்கள். ஒரு பகுதியினருக்கு வைட்டமின் ஏ கலந்த சில துளி எண்ணெய், மற்றவர்களுக்கு அது கலக்காத எண்ணெய். ஓராண்டு முடிவில், வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கும் கீழே குறைந்திருந்தது. கொடுத்தது பேரளவு மருந்து அல்ல. நல்ல சாப்பாட்டிலிருந்து ஒரு வாரத்தில் கிடைக்கக்கூடிய அளவுதான். சிறிது சிறிதாக, ஆனால் விடாமல் கிடைப்பதன் பலன் அது. எல்லா ஆய்வுகளும் இவ்வளவு பெரிய பலனைக் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் சுமார் பத்து லட்சம் குழந்தைகளிடம் ஆறு மாதத்திற்கு ஒருமுறை பேரளவு கொடுத்துச் செய்த ஆய்வு 2013இல் வெளியானபோது, இறப்புக் குறைவு மிகச் சொற்பமாகவே இருந்தது. சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன், மருந்துத் துளியைவிட உணவையே நம்ப வேண்டும் என்று கடைசிவரை வாதாடினார்.

இப்போது நம் வீட்டுப் பாலுக்கு வருவோம். 1940களில் பம்பாயில் எருமைப்பாலின் கொழுப்பைக் குறைத்து, நிறைய பேருக்குக் குறைந்த விலையில் கிடைக்கச் செய்ததுதான் 'டோன்டு' பால். ஆவின் நீலப் பாக்கெட் இந்த வகைதான்: கொழுப்பு 3 விழுக்காடு. ஆரஞ்சுப் பாக்கெட்டில் 6 விழுக்காடு. விலை குறைந்த பாலில் கொழுப்பும் குறைவு, அதோடு வைட்டமினும் குறைவு. ஏழை வாங்குவது எதை என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்தக் குறையை ஈடுகட்டத்தான் 1980களிலேயே பொதுத்துறைப் பால் பண்ணைகளில் டோன்டு பாலில் வைட்டமின் ஏ சேர்க்கும் முயற்சி நடந்தது. இன்றைய விதி 2018இல் வந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்குப்படி, செறிவூட்டிய பால் ஒரு லிட்டரில் 270 முதல் 450 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ இருக்க வேண்டும். வைட்டமின் டியும் உண்டு. அப்படிப்பட்ட பாக்கெட்டில் கூட்டல் குறியும் 'எஃப்' என்ற ஆங்கில எழுத்தும் சேர்ந்த முத்திரை இருக்கும். இதற்கு ஆகும் செலவு லிட்டருக்குச் சில பைசாக்களே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 மில்லி உள்ள ஒரு டம்ளர் செறிவூட்டிய பாலில் 54 முதல் 90 மைக்ரோகிராம் வரை கிடைக்கும். நான்கு முதல் ஆறு வயதுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு 510 மைக்ரோகிராம் வேண்டும் என்பது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை. ஆக, ஒரு டம்ளர் பால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தராது. ஒரு கோழிமுட்டையும் ஏறத்தாழ இவ்வளவுதான் தரும். டீயில் கால் டம்ளர் பால் ஊற்றினால் கிடைப்பது இன்னும் சொற்பம். எனவே பால் மட்டும் போதும் என்று இருந்துவிடக் கூடாது. முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், மஞ்சள் பூசணி இவையெல்லாம் நம் கொல்லையிலும் சந்தையிலும் இருக்கின்றன. கீரையைச் சிறிது எண்ணெய் விட்டுச் சமைத்தால்தான் அதிலுள்ள சத்து உடம்பில் ஒட்டும். வெறும் நீரில் கொதிக்கவைத்த முருங்கைக்கீரைச் சூப்பிலும் அரைக் கரண்டி நல்லெண்ணெய் விடலாம்.

பாலைக் காய்ச்சுவதால் இந்தச் சத்து அதிகம் போய்விடாது. வெளிச்சம்தான் இதற்குப் பகை. பாக்கெட்டை வெயில்படும் திண்ணையில் போட்டு வைக்காதீர்கள். ஆடையை எடுத்து அப்பாவின் காப்பியில் போட்டுவிட்டு, மீதியைப் பிள்ளைக்குக் கொடுக்கும் வழக்கத்தையும் மாற்றிக்கொள்ளலாம். கறவைக்காரரிடம் வாங்கும் பாலில் செறிவூட்டல் கிடையாது. தண்ணீர் கலக்காத முழுப் பாலாக இருந்தால் இயற்கைச் சத்து இருக்கும்.

விளம்பரத்தில் வரும் பவுடர் பானங்களைப் பற்றிப் பல தாய்மார் கேட்கிறார்கள். பலவற்றில் வைட்டமின் ஏ சேர்க்கப்பட்டிருப்பது உண்மைதான். சர்க்கரையும் அதே டப்பாவில்தான் இருக்கிறது. 'ஆரோக்கிய பானம்' என்றொரு வகை நம் உணவுச் சட்டத்திலேயே இல்லை என்பதால், இணைய விற்பனைத் தளங்கள் இவற்றை அந்தத் தலைப்பில் விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசு அறிவுறுத்தியது. அந்த டப்பாவின் விலைக்கு எத்தனை முட்டை வரும் என்று கணக்குப் பாருங்கள்.

2016-18இல் நடந்த தேசிய ஆய்வில், ஒன்று முதல் நான்கு வயதுள்ள இந்தியக் குழந்தைகளில் சுமார் 18 விழுக்காட்டினருக்கு இந்தக் குறை இருந்தது. எனவே அரசு 1970 முதல் நடத்திவரும் சொட்டுமருந்துத் திட்டத்தை விட்டுவிடாதீர்கள். ஒன்பதாம் மாதத்தில் ஒரு லட்சம் யூனிட், பிறகு ஐந்து வயதுவரை ஆறு மாதத்திற்கொருமுறை இரண்டு லட்சம் யூனிட், மொத்தம் ஒன்பது தவணைகள். அங்கன்வாடியில் இலவசமாகவே கிடைக்கும். கர்ப்பிணிகள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் வைட்டமின் ஏ மாத்திரை எடுக்கக் கூடாது. அளவு மிஞ்சினால் வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கும்.

நாளைக் காலை பால் பாக்கெட்டைக் கத்தரித்து எறிவதற்கு முன் ஒரு நிமிடம் திருப்பிப் பாருங்கள். அந்த முத்திரை இருக்கிறதா இல்லையா என்று குறித்துக்கொண்டு அடுத்த அன்பியக் கூட்டத்திற்கு வாருங்கள். எந்தக் கடையில் எந்தப் பால் கிடைக்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்து ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு ஞாயிறன்று கொடுக்கும் டீக்குப் பதில் பால் கொடுக்க முடியுமா என்பதையும் அன்றைக்கே பேசி முடிவெடுப்போம்.