பிஸ்டலா, ரைபிளா?

குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் பிஸ்டல், ரைபிள் இவற்றுள் எது கடினமானது? ஒலிம்பிக் போட்டியின் காற்றுத் துப்பாக்கிகளையே எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் குண்டின் விட்டம் 4.5 மி.மீ.; இலக்கின் தொலைவு 10 மீட்டர். ஆனால் 10 புள்ளி தரும் நடுவட்டத்தின் விட்டம் பிஸ்டலுக்கு 11.5 மி.மீ.; ரைபிளுக்கோ 0.5 மி.மீ.தான்! ஏன் இந்த வேறுபாடு?

ரைபிளைத் தோளில் ஊன்றி, கன்னத்தோடு அணைத்து, இரு கைகளாலும் பிடிக்கலாம். பிஸ்டலைத் தாங்குவது நீட்டிய ஒரே கை. மேலும், அதன் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி குறைவு. நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்: இடைவெளி 30 செ.மீ. எனில், முன்குறி 1 மி.மீ. விலகினாலே இலக்கில் சுமார் 33 மி.மீ. பிழை நேரும், 75 செ.மீ. எனில் 13 மி.மீ.தான்.

ரைபிள் தரும் இந்த வசதியைச் சிறிய வட்டம் ஈடுசெய்துவிடுகிறது. 2008இல் அபினவ் பிந்த்ரா ரைபிளில் வென்ற தங்கமும், 2024இல் மனு பாக்கர் பிஸ்டலில் வென்ற வெண்கலமும் எளிதில் கிட்டியவை அல்ல என்பது இப்போது விளங்குகிறதல்லவா?